துணைக்கு ஆள் வேண்டாம்

அத்தை இத்தாலிக்குப் போகப்போவதாகச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லார் தட்டிலும் சாப்பாடு பாதி மிச்சமிருந்தபோது. முதலில் அவளுடைய அண்ணன் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து அண்ணி சிரித்தாள். தொலைக்காட்சியில் ஏதோ வேடிக்கை போலிருக்கிறது என்று அத்தை திரும்பிப் பார்த்தாள். அது அணைந்து கிடந்தது.

"எந்த இத்தாலிக்கு?" என்றான் அண்ணன்.

"எத்தன இத்தாலி இருக்கு? இருக்கிற ஒண்ணுக்குத்தான்."

"சரி, யாரோட?"

"யாரோடயும் இல்ல. நான் மட்டும்."

அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "துணைக்கு யாரு?" என்று கேட்டான்.

இந்தத் 'துணைக்கு' என்ற சொல்லைக் கண்டுபிடித்த மகராசன் யாரென்று தெரியவில்லை. கையில் கிடைத்தால் அத்தை சார்பில் நறுக்கென்று நாலு கேள்வி கேட்கலாம். நம் குடும்பங்களில் பெண்பிள்ளை கடைக்குப் போனால் துணைக்கு ஒருத்தர், பரீட்சைக்குப் போனால் துணைக்கு ஒருத்தர், பல் பிடுங்கப் போனாலும் துணைக்கு ஒருத்தர். அந்த ஒருத்தர் எங்கிருந்து வருகிறார், அவருக்கு வேறு வேலை வெட்டி உண்டா என்று யாரும் யோசிப்பதில்லை. வீட்டுக்கு வீடு அதற்கென்றே ஒரு ஆளை நேர்ந்து விட்டிருப்பார்கள். இந்த வீட்டில் அது அத்தை.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் கைவசம் வைத்திருந்தார்கள். அவளிடம்தான் ஒன்றும் இல்லை. அண்ணன் வீட்டின் பின்பக்க அறையில் இருந்தாள். அண்ணன் மகள் பேசத் தொடங்கி 'அத்தை' என்று கூப்பிட்ட நாளிலிருந்து அவள் ஊருக்கே அத்தை. கூடப்பிறந்த அண்ணனே "அத்தைகிட்டக் கேளு", "அத்தை பாத்துக்குவா" என்றுதான் சொல்வான். அம்மா படுத்த படுக்கையானபோது பக்கத்தில் பாய் விரித்தது அத்தை. அண்ணி கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியது அத்தை. தங்கை வீடு மாறினாலும், தங்கையின் மாமனாருக்குக் கண் ஆப்பரேஷன் என்றாலும், ஒன்றுவிட்ட சித்தப்பா மகள் ஒருத்தி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாலும், "அத்தையக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

வேலை பார்த்த இடத்திலும் கதை அதேதான். பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில் லினன் ரூம் என்று ஓர் இடம். மேலே உள்ள அத்தனை அறைகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் அங்கே வந்து சேர்ந்து, அங்கிருந்துதான் மறுபடி மேலே ஏறும். சன்னல் கிடையாது. ஒரு பக்கம் அழுக்குத் துணி வண்டிகள், மறுபக்கம் கூரை முட்டும் அடுக்குகள், நடுவில் இஸ்திரி உருளையின் சூடு. அத்தை அங்கே 'துணைப் பொறுப்பாளர்'. பொறுப்பாளர் ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளை எடுத்து, அந்தப் பேரனுக்கு மீசையும் முளைத்துவிட்டது. அந்த நாற்காலிக்கு இன்னும் ஆள் போடவில்லை. துணைதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறதே, பிறகு எதற்குத் தண்டச் சம்பளம் என்று நிர்வாகம் கமுக்கமாக இருந்துவிட்டது. இல்லாத ஒருவருக்குத் துணையாக அத்தை நின்றுகொண்டே வேலை பார்த்தாள்.

இத்தாலி அவள் மண்டைக்குள் ஏறியதும் அங்கேதான். மேல்மாடிப் பெரிய அறைகளுக்கென்று தனி ரக விரிப்பு ஒன்று இருந்தது. கையில் எடுத்தால் நழுவும். ஓரத் தையலுக்குள் நகமளவு ஒரு துணிச்சீட்டு, இத்தாலியில் நெய்தது என்று. அதை மடித்து மடித்து அவள் கைரேகை தேய்ந்ததே தவிர, அதன்மேல் ஒருநாளும் முதுகு சாய்த்ததில்லை. விருந்தினர் கட்டிலில் ஊழியர் உட்கார்ந்தாலே வேலைக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். ஒருநாள் அந்த விரிப்பை உதறும்போது அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. எவனெவனோ வந்து புரண்டுவிட்டுப் போகிறான், நான் மட்டும் ஏன் மடித்துக்கொண்டே சாகவேண்டும் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே பயண அலுவலகம் ஒன்றின் படியேறிவிட்டாள்.

அது ஒரு செருப்புக் கடைக்கு மேலே, ஒரே அறையில் இருந்தது. சுவர் முழுக்க அடுத்தவர் ஊர் மலையும் கடலும். மேசைக்குப் பின்னால் இருந்தவர் எந்த நாட்டின் பெயரைச் சொன்னாலும் முதலில் ஒரு 'ஆஹா' போடுவார். அத்தை அவருக்கு மனசுக்குள் ஆஹா என்றே பெயர் வைத்துவிட்டாள்.

"இத்தாலியா? ஆஹா! எத்தன பேரு?"

"ஒருத்தி."

இந்த முறை ஆஹா வரவில்லை. அவர் விளக்கத் தொடங்கினார். நாலு ஊர், பேருந்து, கூட வழிகாட்டி, குழுவாகப் போய்க் குழுவாக வரும் பயணம். விலையைச் சொன்னார். அத்தை தலையாட்டினாள். அப்புறம் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது ரெண்டு பேர் ஒரு அறையில தங்கினா. தனியாத் தங்கினா அதுக்கு மேல கொஞ்சம் ஆகும்" என்றார்.

"ஏன்? ஒருத்தி தங்கினா ஒரு துண்டு, ஒரு சோப்பு. அழுக்கும் பாதி. குறைக்கத்தானே வேணும்?"

"விதி அப்படிம்மா. அறை அறைதானே."

"ஆக, தனியா இருக்கிறதுக்கு அபராதம்."

"ஐயையோ, அபராதம்னு சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்றது? நீங்களே ஒரு நல்ல வார்த்த சொல்லுங்க, அதையே சொல்றேன்."

அவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, குழுவில் தனியாக வரும் இன்னொரு அம்மா இருப்பதாகவும், அவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டால் செலவு நன்றாகக் குறையும் என்றும், பேச்சுத் துணைக்கும் ஆச்சு என்றும் சொன்னார்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இருபத்தெட்டு வருஷமா ரெட்டைக் கட்டிலுக்கு விரிப்பு மடிச்சுக் குடுத்திருக்கேன். ஒரு தடவையாவது ரெட்டைக் கட்டில்ல நட்ட நடுவுல கையக் கால நீட்டிப் படுக்கணும். அதுக்குத்தான் போறேன். கோபுரம் குளமெல்லாம் அப்புறம்."

அந்தக் கூடுதல் காசை எங்கிருந்து புரட்டுவது என்பதுதான் அடுத்த பாடாக இருந்தது. அவளிடம் இருந்தது அவள் சம்பளத்தில் சேமநிதி என்று ஹோட்டல் பிடித்து வைத்துத் திருப்பித் தந்த ஒரு தொகை. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. யாரிடமும் கைநீட்டவும் மாட்டாள். வேலை முடிந்து வரும் வழியில் செருப்புக் கடை மாடி ஏறி, ஆஹாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினாள். கோடைக்காலம் போய் நவம்பர் வந்தது. "அப்ப மழை பெய்யும்மா" என்றார் அவர். "பெய்யட்டும். கரைஞ்சா போயிடுவேன்?" நேர்விமானம் போய், நடுவில் எங்கோ ஒரு விமான நிலையத்தில் அரைநாள் காத்துக்கிடக்கும் விமானம் வந்தது. படகில் பாட்டுக் கேட்டபடி போகும் சவாரி போயிற்று. மெழுகுவர்த்தி வைத்த விருந்து போயிற்று. "மெழுகுவர்த்தி எங்க வீட்லயும் கரண்ட் போனா ஏத்துவோம்" என்று அதை அவளே கோடு போட்டு அடித்தாள்.

ஒன்றில் மட்டும் மடங்க மறுத்துவிட்டாள். அங்கே காப்பிக் கடைகளில் நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்து குடித்தால் பல இடங்களில் அதைவிடக் கூடுதல் விலை என்று ஆஹா எச்சரித்தார். நின்றே குடித்துப் பழகிக்கொண்டால் ஒரு நல்ல மிச்சம் பார்க்கலாம் என்று தன் அனுபவத்தையும் அவிழ்த்துவிட்டார்.

"நான் உக்காந்துதான் குடிப்பேன்."

"காப்பி அதே காப்பிதாம்மா."

"காலு அதே காலு இல்ல. எழுதிக்குங்க, உக்கார்ற காசுன்னு தனியா."

அவர் எழுதிக்கொண்டார். அந்தச் செலவுத் திட்டத்தில் விமானம், அறை, காப்பீடு, விசா, ஊர் நகராட்சி அறைக்கு வாங்கும் வரி எல்லாவற்றுக்கும் கீழே 'உட்காருவதற்கு' என்று ஒரு வரி வந்தது. முதல் தவணையைக் கட்டிவிட்டுத்தான் அத்தை அந்த ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தாள்.

வீட்டில் முதல் இரண்டு வாரம் கிண்டலிலேயே போயிற்று. அப்புறம் அண்ணன் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தது. அவளும் அவள் புருஷனும் அதே கட்டடத்தில் மாடியில் குடியிருந்தார்கள். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி, அத்தை இத்தாலியிலிருந்து திரும்பி இரண்டு வாரம் கழித்து. கேட்டதும் அத்தைக்கு உச்சி குளிர்ந்தது. அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அன்றைக்கே கடைக்குப் போய்ச் சின்னச் சின்ன துண்டு வாங்கி வந்து, மூன்று தரம் துவைத்து மெதுவாக்கி அடுக்கி வைத்தாள்.

அதோடு இத்தாலி தானாகவே முடிந்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அண்ணி பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. "எனக்கு முட்டி வலி, ஆஸ்பத்திரியில உக்கார முடியாது. ஆனா கவல இல்ல, துணைக்கு அத்தை இருக்கா."

அத்தை நேராகப் போய், "அண்ணி, நான் நவம்பர்ல ஊர்ல இல்ல" என்றாள்.

"தேதி அதுக்கப்புறம்தானேம்மா? ஆனா முன்னாடியே வலி வந்துட்டா?"

"வந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"துணைக்கு?"

"நீங்க எல்லாரும் யாரு? வாடகைக்கு இருக்கிறவங்களா?"

அன்றிலிருந்து வீட்டில் ஆளாளுக்குப் பாடம் நடத்தினார்கள். அண்ணன் தன்மையாக ஆரம்பித்தான். "உன்ன யாரும் தடுக்கல. தள்ளிப் போடுன்னுதான் சொல்றோம்."

"எவ்வளவு தள்ளி?"

"குழந்த கொஞ்சம் தலை நிக்கட்டும்."

"நின்னு?"

"நடக்கட்டும்."

"அப்புறம் பள்ளிக்கூடம் போகும். துணைக்கு நான். அது காலேஜ் முடிச்சு இத்தாலிக்குப் போகும்போது துணைக்கு என்னையும் கூட்டிட்டுப் போகும், அதுக்குள்ள நான் செத்துப்போகாம இருந்தா."

தங்கை வேறு தொலைபேசியில் குழைந்தாள். "அக்கா, குழந்த பொறந்தப்புறம் போலாம். நான் வரேன் துணைக்கு. என் டிக்கெட்ட மட்டும் நீ பாத்துக்கோ, மத்தது நான் பாத்துக்கறேன்." மத்தது என்று எதைச் சொன்னாள் என்று அத்தைக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

இரண்டாம் தவணை கட்டப் போன அன்றுதான் குட்டு உடைந்தது. ஆஹா வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "எல்லாம் மாத்தியாச்சும்மா! ரெண்டு டிக்கெட், ரெட்டைப் பகிர்வு அறை, மார்ச்ல. நல்ல முடிவு. தங்கச்சியும் வர்றாங்களாமே துணைக்கு."

"யாரு சொன்னா?"

"உங்க அண்ணன்தான் பேசினாரு. கெட்டியான குரல்."

அத்தை கைப்பையை மேசைமேல் வைத்தாள். வைத்த சத்தத்தில் ஆஹாவின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

"இதுவரைக்கும் கட்டின காசு யாருது?"

"உங்களது."

"போகப்போற காலு யாருது?"

"உங்களதுதாம்மா."

"அப்ப நடுவுல அண்ணன் எங்கேருந்து முளைச்சான்?"

அவர் குனிந்து பேனாவைத் தேடி எடுத்தார். நல்ல மனுஷன்தான்; ஒரு ஆண் குரல் அதிகாரமாகப் பேசினால் அதைக் குடும்பத்தின் முடிவாக எடுத்துக்கொண்டு பழக்கம். பழையபடி மாற்றப் பார்த்தார். குழுவில் இருந்த அந்தத் தனி அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. பகிர்வுக் கட்டில் மட்டும் ஒன்று பாக்கி. அத்தை அழுதுவிடுவாளோ என்று அவர் பயந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"குழு வேண்டாம். நானே போறேன். என்ன ஆகும்?"

"வழிகாட்டி இல்லாம, பேருந்து இல்லாமயா? நாலு ஊருக்கும் தனியா ரயில், தனியா அறை… உங்க காசுக்குள்ள அடங்காதும்மா."

"நாலு ஊரு எதுக்கு? ஒரே ஊரு. ஒரே அறை. பெட்டியப் பிரிச்சு வச்சா கிளம்பற அன்னிக்குத்தான் மூடுவேன். அதுக்கு அடங்குமா?"

அவர் தட்டினார். ஃப்ளாரன்ஸ் என்ற ஊரில், ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டல். ரெட்டைக் கட்டில், காலைச் சாப்பாடு உண்டு, தினமும் விரிப்பு மாற்றுவார்கள். கூட்டிப் பார்த்தால் அடங்கியது. உட்காருகிற காசைக்கூடத் தொடவேண்டியிருக்கவில்லை. ஆனால் ஆஹாவுக்கு மனசு கேட்கவில்லை. "இத்தாலி வரைக்கும் போய் அந்தச் சாஞ்ச கோபுரத்தப் பாக்காம வர்றதாம்மா?"

"அது நிமிந்தா சொல்லி அனுப்புங்க, வந்து பாக்கறேன்."

புதிதாக ஒரு படிவத்தை நிரப்பவேண்டியிருந்தது. அந்த அலுவலகத்தார் தங்கள் வாடிக்கையாளர்களுக்காகத் தமிழிலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள். பெயர், வயது, வேலை என்று மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். 'துணை' என்று போட்டுப் பக்கத்தில் நீளமாகக் கோடு விட்டிருந்தது. அத்தைக்குக் காது சிவந்தது. இங்கேயுமா என்று, பேனா காகிதத்தில் இறங்க, 'வேண்டாம்' என்று எழுதினாள்.

ஆஹா வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "அம்மா, அது கூட வர்ற துணை இல்ல. வாழ்க்கைத் துணை. அதாவது கணவர் பேரு."

அத்தை ஒரு நிமிஷம் யோசித்தாள். "அதுக்கும் அதேதான் பதில். மாத்த வேண்டாம்" என்றாள். ஆஹா வாய்விட்டுச் சிரித்தார். அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்த சத்தத்தில் கீழே செருப்புக் கடைக்காரர் படியேறி வந்து என்னவென்று கேட்டுவிட்டுப் போனார்.

சிரிப்பு வீட்டு வாசல்வரைதான். அண்ணன் கூடத்தில் இருந்தான். அண்ணி பக்கத்தில் ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை உட்காரவில்லை.

"எங்கிட்டக் கேக்காம எப்படி அங்க ஃபோன் பண்ணின?"

"உன் நல்லதுக்குத்தான். முன்ன பின்ன தெரியாத ஊருல ஒரு பொம்பள தனியா…"

"தனியா இருந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? உடம்புக்கு முடியலன்னா? துணைக்கு ஒரு ஆளு வேண்டாமா?"

அத்தை அதற்குமேல் பொறுக்கவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததை எடுத்துப் போட்டாள்.

"எனக்குப் பித்தப்பைய எடுத்தாங்களே, அன்னிக்குத் துணைக்கு யாரு இருந்தீங்க?"

அண்ணியின் கத்தி நின்றது.

"நர்ஸ் ரெண்டு தடவ வந்து கேட்டா, கூட யாரும் வரலையான்னு. வருவாங்கன்னேன். என் கையெழுத்த நானே போட்டேன். மயக்கம் தெளிஞ்சு கண்ண முழிச்சா பக்கத்துக் கட்டில்ல இருந்த பொம்பளயோட புருஷன்தான் எனக்குத் தண்ணி குடுத்தாரு. டாக்சி புடிச்சு நானே வீட்டுக்கு வந்தேன். நீங்க எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

"நீதானேம்மா வேண்டாம்னு சொன்ன?" என்றாள் அண்ணி.

"நான் ஒரு தடவ வேண்டாம்னு சொன்னேன். நீங்க ரெண்டாவது தடவ கேக்கவே இல்ல."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டால் கோபப்படுவது அவன் சுபாவம். "அதுக்காக இப்பப் பழி வாங்கறியா?" என்று பாய்ந்தான்.

"இல்ல. அன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டேன், என்னால தனியா இருக்க முடியும்னு. ஆஸ்பத்திரியில முடிஞ்சது இத்தாலியில முடியாதா?" என்றுவிட்டுத் தன் அறைக்குப் போனாள். மனசு லேசாகியிருந்தது.

அண்ணனைச் சமாளித்துவிடலாம். அண்ணன் மகள்தான் கஷ்டம். அவள் மறுநாள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கி வந்து அத்தையின் கட்டிலில் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. "எனக்குப் பயமா இருக்கு அத்தை. நீ இல்லாம என்னால முடியாது" என்றாள்.

அந்தப் பெண்ணின் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து அத்தை மறுத்ததாகச் சரித்திரமே இல்லை. பள்ளிக்கூடத்து முதல் நாளில் இதே வார்த்தை. சைக்கிள் ஓட்டப் பழகும்போது இதே வார்த்தை. அத்தைக்கு உள்ளே ஆட்டம் கண்டது. டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றிவிட்டது. அவள் தலையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

"முடியும் கண்ணு. உங்கம்மா இருக்கா. உன் புருஷன் இருக்காரு. உங்கப்பாவுக்கும் கை கால் நல்லாத்தான் இருக்கு."

"அவங்கெல்லாம் நீ ஆக முடியுமா?"

"நான் மட்டும் பொறக்கும்போதே இப்படியா பொறந்தேன்? செஞ்சு செஞ்சு பழகினேன். அவங்களும் பழகட்டும்."

அண்ணன் மகள் சமாதானமாகவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடியேறிப் போனாள். இரண்டு நாள் அத்தையோடு பேசவும் இல்லை. அந்த இரண்டு நாளும் அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் ஹோட்டலில் விடுப்புக் கடிதம் கொடுத்தாள். "நீங்க இல்லன்னா லினன் ரூமுக்கு யாரு?" என்றார் மேலாளர். "பொறுப்பாளர் நாற்காலி ஒண்ணு காலியா கிடக்கு சார், அதுல யாரையாவது உக்கார வைங்க" என்று பணிவாகவே சொல்லிவிட்டு வந்தாள்.

விசா வந்ததும், வேலையிடத்தில் போடுவது போலவே வீட்டுக்கும் ஒரு டூட்டி சார்ட் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். வலி வந்தால் யார் கூடப் போவது, யார் பகல், யார் ராத்திரி, யார் சாப்பாடு கொண்டுபோவது என்று கட்டம் கட்டமாக. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான்.

"என்னையும் போட்டிருக்கே! அங்க நான் என்ன பண்றது?"

"வெளிய நாற்காலி இருக்கும். உக்காரத் தெரியும்ல? அது போதும். நானும் முக்காவாசி அதைத்தான் பண்ணியிருக்கேன்."

அண்ணன் உறுமினான். ஆனால் சார்ட்டைக் கிழிக்கவில்லை.

கிளம்பும் நாள் காலையில் விமான நிலையத்துக்குச் சொல்லியிருந்த டாக்சி வாசலுக்கு வந்தது. டிரைவர் பெட்டியை டிக்கியில் வைத்து மூடினார். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போது மாடியிலிருந்து மாப்பிள்ளை சட்டைப் பட்டனைப் பாதி போட்டபடி ஓடி வந்தான். "வலி வந்துடுச்சு. பனிக்குடமும் உடைஞ்சிடுச்சு."

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தை ஒரு கணம்தான் நின்றாள். "டாக்சி நிக்குது. ஆஸ்பத்திரி ஏர்போர்ட் போற வழிதான். ஏறுங்க" என்றாள்.

முன்னால் மாப்பிள்ளை. பின்னால் நடுவில் அண்ணன் மகள், ஒரு பக்கம் அண்ணி, மறுபக்கம் அத்தை. அண்ணன் பதறிப்போய் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முன்னே பறந்தான். வலி வரும்போதெல்லாம் அண்ணன் மகள் அத்தையின் கையைத்தான் நசுக்கினாள். அத்தை அவள் முதுகை நீவிக்கொண்டே வந்தாள். மூச்சை இழு, மெதுவா விடு, அவ்வளவுதான், இதோ போயிடும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அண்ணி பெருமூச்சு விட்டாள். "நல்லவேள, நீ இன்னும் கிளம்பல."

"கிளம்பிட்டேன் அண்ணி. போயிட்டுத்தான் இருக்கேன்."

அண்ணிக்கு அது காதில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் சக்கர நாற்காலியோடு ஓர் ஆளை நிறுத்தி வைத்திருந்தான். வண்டி நின்றதும் டிக்கியைத் திறந்து பிரசவத்துக்குக் கட்டி வைத்திருந்த பையை எடுத்தான். அதே வேகத்தில் அத்தையின் பெட்டியையும் எடுத்துத் தரையில் வைத்தான். "டிக்கெட்ட நான் பேசி மாத்திக்கறேன், நீ உள்ள போ" என்று போனையும் காதில் வைத்துவிட்டான். அவன் அதை வம்புக்குச் செய்யவில்லை. அவனுக்கு வேறு விதமாக யோசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளையும் அண்ணியும் சேர்ந்து அண்ணன் மகளை இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் கை இன்னும் வண்டிக்குள் நீண்டு அத்தையின் கையைப் பிடித்திருந்தது. கதவு திறந்தே இருந்தது. எல்லாரும் அத்தை இறங்குவதற்காக நின்றார்கள்.

"அத்தை…" என்றாள் அவள்.

அத்தை அந்தக் கையை முகத்தோடு ஒருதரம் சேர்த்துக்கொண்டாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எட்டி, அண்ணியின் கையில் கொடுத்தாள். "பிடிச்சுக்குங்க அண்ணி. வலி வரும்போது விட்டுடாதீங்க." அதை எப்படிப் பிடிப்பதென்று அண்ணி ஒரு கணம் தடுமாறினாள். அடுத்த வலி வந்தது. அண்ணி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அந்தப் பெட்டிய உள்ள வை."

"வெளயாடற நேரமா இது?" என்று அண்ணன் கத்தினான். "துணைக்கு…"

"மூணு பேரு நிக்கிறீங்க."

அண்ணன் அசையவில்லை. மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். குனிந்து பெட்டியைத் தூக்கி மறுபடி டிக்கியில் வைத்து மூடினான். பிறகு சக்கர நாற்காலிக்குப் பின்னால் ஓடினான்.

அத்தைக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அவள் அழுதுகொண்டே கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள். டிரைவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியை எடுக்காமல் தயங்கினார்.

"நீங்க இறங்கலையாம்மா?"

"நான் இறங்க வேண்டிய எடம் இன்னும் வரல," என்றாள் அத்தை. "நீங்க வண்டிய எடுங்க."